ஆறு பீஸ் ஸ்கர்ட்: பாப்ளினில் அளவாகப் பொருந்துகிறது, ரேயானில் தைக்க எதை மாற்றுவது?

மல்லிகைநூல்:
வணக்கம் தோழிகளே. என்னிடம் ஒரு ஆறு பீஸ் ஸ்கர்ட் பாட்டர்ன் இருக்கிறது. முன்னால் மூன்று பீஸ், பின்னால் மூன்று. இடுப்பில் ஒட்டி நின்று, அதற்குக் கீழே மெல்ல விரியும். முன்பக்கத் தையல்கள் இரண்டிலும் பாக்கெட், இடது பக்கத் தையலில் மறைவு ஜிப், மேலே ஒன்றரை அங்குலப் பட்டி. இடுப்பு 30 அங்குலம், முடிந்த நீளம் 29, கீழ்ச்சுற்று 84.

இதுவரை காட்டன் பாப்ளினில்தான் தைத்திருக்கிறேன். பாட்டர்ன் காகிதத்தில் எதையும் திருத்தி நாளாகிவிட்டது. வெட்டித் தைத்தால் பொருந்தும், அவ்வளவு நம்பிக்கை. இப்போது ஒரு மெல்லிய ரேயான் கிடைத்திருக்கிறது. கரும்பச்சையில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ, 58 அங்குல அகலம். மேசையில் விரித்தால் ஒரு பக்கமாக நழுவிக்கொண்டே போகிறது. இதற்கு அடுத்து டெனிமிலும் ஒன்று தைக்க ஆசை.

அதே காகிதத்தை அப்படியே வைத்து வெட்டலாமா? வெட்டக்கூடாது என்றால் எங்கே மாற்ற வேண்டும்? துணி மாற்றித் தைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

பட்டாம்பூச்சி22:
அப்படியே வெட்டுங்கள். ரேயான் ஸ்கர்ட்டுக்கு அருமையான துணி. வெட்டும் முன் துவைத்துக் காயவைத்துவிடுங்கள், அது மட்டும் கட்டாயம்.

ஊசிமுனை:
துவைக்கச் சொன்னது சரி. ‘அப்படியே வெட்டுங்கள்’ என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

மல்லிகை, உங்கள் பாப்ளினையும் ரேயானையும் தராசில் வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டு துணிகளும் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 110 முதல் 130 கிராம் என்ற கணக்கில்தான் வருகின்றன. அதனால் இரண்டும் ஒரே ரகம் என்று தோன்றும். ஆனால் பாப்ளின் நெருக்கமான நெசவு, ஓர் இழை இன்னோர் இழையை நகர விடாது. ரேயான் இழையே துவண்டது, நெசவும் தளர்வு. இரண்டையும் கிராஸில், அதாவது நெசவுக்கு மூலைவாக்கில், பிடித்து இழுத்துப் பாருங்கள். பாப்ளின் கொஞ்சம் கொடுத்துவிட்டு நின்றுவிடும். ரேயான் கொடுத்துக்கொண்டே போகும்.

உங்கள் ஸ்கர்ட்டில் இது எங்கே வேலையைக் காட்டும் என்று சொல்கிறேன். ஆறு பீஸிலும் நேர் நூல் (துணியின் கரைக்கு இணையாகப் போகும் நூல்) நடுவில் ஓடுகிறது, இல்லையா? பீஸ் கீழே விரிவதால் அதன் இரண்டு ஓரமும் நேர் நூலிலிருந்து விலகிச் சாய்கின்றன. ஆறு பீஸுக்கு அப்படிப் பன்னிரண்டு ஓரங்கள். பன்னிரண்டும் தொங்கத் தொங்க நீளும், பீஸின் நடுப்பகுதி நீளாது. கீழ் ஓரம் ஒவ்வொரு தையலிலும் இறங்கி, நடுவில் ஏறி, அலையாக நிற்கும். பாப்ளினில் இது கண்ணுக்கே தெரியாத அளவுதான். ரேயானில் நன்றாகத் தெரியும்.

அடுத்தது இடுப்பு. வெட்டிய பீஸை மேசையிலிருந்து தூக்கும்போதே மேல் ஓரம் நீண்டுவிடும். ஒரு பீஸுக்கு 1/8 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாகத் தோன்றாது. ஆறு பீஸுக்கு முக்கால் அங்குலம் ஆகிறது. பட்டி சரியாக இருக்கும், ஸ்கர்ட் பெரிதாகிவிடும்.

அதனால் நான் செய்வது: வெட்டிய கையோடு, துணியைத் தூக்கி மாட்டும் முன், மேல் ஓரத்தில் தையல் கோட்டுக்குச் சற்று வெளியே, ஓரம் நீளாமல் பிடிக்க, ஒரு காப்புத் தையல் ஓட்டிவிடுவேன். அப்புறம் மெல்லிய காட்டன் நாடாவை எடுத்து, பாட்டர்ன் காகிதத்தில் உள்ள இடுப்பு அளவுக்கு வெட்டி, பட்டித் தையலோடு சேர்த்துத் தைப்பேன். நாடாவைக் காகிதத்தில்தான் அளக்க வேண்டும், வெட்டிய துணியில் அளந்தால் நீண்டுபோன அளவுதான் நாடாவுக்கும் வரும்.

நீளத் தையல்கள் எல்லாவற்றையும் கீழிருந்து மேலாக ஓட்டுங்கள். அகலத்திலிருந்து குறுகலை நோக்கிப் போனால் சாய்ந்த இழைகள் படிந்து கொடுக்கும். மேலிருந்து கீழே வந்தால் ஊசியும் மெஷினின் பல்லும் சேர்ந்து ஓரத்தை இழுத்துவிடும்.

நெசவுப்பிரியை:
எல்லாம் சரி, ஆனால் இவ்வளவு பாடுபட்டு ஒரு துணியை அதற்குப் பொருந்தாத பாட்டர்னுக்குள் ஏன் தள்ள வேண்டும்? ஆறு தையல் போடுவது, விறைப்பான துணியை உடம்பின் வளைவுக்குக் கொண்டுவரத்தான். ரேயானுக்கு அந்த உதவியே தேவையில்லை, அது தானாகவே படியும். ஒரு அரைவட்ட ஸ்கர்ட் வெட்டுங்கள். இடுப்பு 30 என்றால் ஆரம் ஒன்பதரை அங்குலம், வேலை முடிந்தது. தையல் குறைவு, விழுகை அழகு.

பாட்டர்னுக்கு ஏற்ற துணியைத் தேடலாம், இல்லாவிட்டால் துணிக்கு ஏற்ற பாட்டர்னைத் தேடலாம். இரண்டையும் நடுவழியில் சந்திக்க வைப்பது எனக்குப் பிடிக்காத வேலை.

மல்லிகைநூல்:
நெசவுப்பிரியை, உங்கள் வாதம் புரிகிறது. ஆனால் எனக்கு இந்த ஸ்கர்ட்தான் வேண்டும். இடுப்புக்குக் கீழே நாலு அங்குலம் வரை அது உட்காரும் விதம், முன்பக்கத் தையலில் கை தானாகப் போய் விழும் அந்தப் பாக்கெட், இவை அரைவட்டத்தில் வராது. ரேயானில் அது வேறு மாதிரி விழும் என்பதும் தெரியும். அந்த வேறு மாதிரியைப் பார்க்கத்தான் தைக்கிறேன்.

ஊசிமுனை, இடுப்பு நாடா பற்றிக் குறித்துக்கொண்டேன். மிக்க நன்றி.

நெசவுப்பிரியை:
சரி, முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் இரண்டு விஷயம் சொல்கிறேன், பயன்படும்.

ஒன்று, துணியின் விறைப்பை ஊகிக்காமல் ஒப்பிடும் வழி. பாப்ளினிலும் ரேயானிலும் நேர் நூலில் ஒரு அங்குல அகலத் துண்டு ஒவ்வொன்று வெட்டுங்கள். மேசை விளிம்பைத் தாண்டி மெதுவாக வெளியே தள்ளுங்கள். எந்தத் துண்டு எவ்வளவு தூரம் வெளியே போனபின் தலை சாய்கிறது என்று பாருங்கள். பியர்ஸ் என்ற ஆய்வாளர் 1930-இல் எழுதிய முறை இதுதான். ஆய்வகங்களில் துண்டின் நுனி 41.5 டிகிரி சாய்வைத் தொடும் வரை தள்ளி, வெளியே வந்த நீளத்தைக் குறிப்பார்கள். நமக்கு டிகிரி வேண்டாம், இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். ரேயான் பாதி தூரத்திலேயே மடங்கிவிட்டால், உங்கள் ஸ்கர்ட்டின் கீழ்ப்பகுதி வெளியே நிற்காமல் காலோடு ஒட்டி இறங்கும் என்று இப்போதே தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, நேர் நூல் பீஸின் நடுவில்தான் ஓட வேண்டும் என்று சட்டம் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தைத்த விரிந்த பாவாடைகளில் பெரும்பாலும் ஒரு ஓரம் நேர் நூலிலும் மறு ஓரம் கிராஸிலும் இருக்கும். ஒரு பீஸின் நேர் ஓரமும் அடுத்த பீஸின் கிராஸ் ஓரமும் சேர்த்துத் தைக்கப்படும். நேர் ஓரம் கிராஸ் ஓரத்தைத் தாங்கிக்கொள்ளும், தையல் இறங்காது. உங்கள் பக்கவாட்டு பீஸ்களில் இதைச் செய்து பார்க்கலாம்.

ஊசிமுனை:
அந்த முறை அருமையானது, ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. நேர் நூலை ஓரத்துக்குக் கொண்டுபோனால் பீஸின் விரிவு முழுவதும் மறுபக்கம் போய்விடும். மடிப்புகள் பின்பக்கம் நோக்கி விழும். அந்தக் காலப் பாவாடைகளில் முன்பக்கம் தட்டையாகவும் பின்பக்கம் நிறைவாகவும் இருக்க வேண்டும் என்பதால் அது பொருந்தியது. மல்லிகையின் ஸ்கர்ட் சுற்றிலும் சீராக விரிவது. நான் நடுவிலேயே விடுவேன்.

கத்தரிமுனை:
வெட்டுவதைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. ரேயானில் பாதி வெற்றி மேசையில்தான்.

துவைக்கும்போது முறுக்கிப் பிழியாதீர்கள். ரேயான் இழை ஈரத்தில் பலவீனமாகிவிடும், காட்டன் மாதிரி அல்ல. டவலில் சுருட்டி நீரை ஒற்றி எடுங்கள். ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிடாமல் பரப்பிக் காயவையுங்கள்.

அப்புறம் லேசாகக் கஞ்சி போடுங்கள், அல்லது ஸ்ப்ரே ஸ்டார்ச் அடியுங்கள். துணி கொஞ்ச நேரத்துக்கு பாப்ளின் மாதிரி நடந்துகொள்ளும், வெட்டித் தைத்து முடித்தபின் துவைத்தால் பழைய குணத்துக்கு வந்துவிடும். கஞ்சி போட்ட துணியை இஸ்திரி போடும்போது பெட்டியைத் தேய்த்து நகர்த்தாமல், வைத்து எடுத்து வைத்து எடுத்துப் போடுங்கள். தேய்த்தால் நெசவு சாய்ந்துவிடும்.

துணியை மடித்து இரட்டையாக வெட்ட வேண்டாம். மேல் மடிப்பில் நேர் நூல் சரியாக இருக்கும், கீழ் மடிப்பு எங்கேயோ போயிருக்கும். ஒற்றையாக விரித்து, கரையை மேசை விளிம்புக்கு இணையாக வைத்து, ஒவ்வொரு பீஸாக வெட்டுங்கள். மடிப்பில் வைத்து வெட்டும் பாதி பாட்டர்ன்கள் இருந்தால் முழு பீஸாக வரைந்துகொள்ளுங்கள். குண்டூசிக்குப் பதில் கனமான பொருள்களை மேலே வையுங்கள், ஊசி குத்தினாலே ரேயான் மேடாகிவிடும். அடியில் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போட்டால் நழுவாது.

கத்தரி நீளமாகவும் கூர்மையாகவும் இருக்கட்டும். துணியைத் தூக்காமல், கத்தரியின் கீழ்த்தகடு மேசையைத் தொட்டபடியே போக வேண்டும்.

புதுத்தையல்:
எல்லாரும் துவைக்கச் சொல்கிறீர்கள். கொஞ்சம் சுருங்கினால் அவ்வளவு பெரிய வித்தியாசம் வருமா? அப்புறம் பூப்போட்ட துணியில் பீஸ்களைத் தலைகீழாக மாற்றி மாற்றி வைத்து வெட்டினால் துணி மிச்சமாகும் என்று படித்தேன். அது சரியா?

ஊசிமுனை:
துணி 5 சதவீதம் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 அங்குலப் பீஸ் இருபத்தெட்டரை ஆகிவிடும். முட்டிக்குக் கீழே நின்ற ஸ்கர்ட் முட்டிக்கு ஏறிவிடும். அதோடு நேர் நூலும் குறுக்கு நூலும் ஒரே அளவில் சுருங்காது, அதனால் வடிவமும் மாறும்.

தலைகீழாக வைப்பது துணியைப் பொறுத்தது. பூக்கள் எல்லாத் திசையிலும் சிதறி இருந்தால் தாராளமாக வைக்கலாம். காம்பு கீழே, பூ மேலே என்று ஒரே திசையில் இருந்தால் கூடாது. கார்டுராய், வெல்வெட் போல ரோமம் உள்ள துணியிலும் கூடாது. ஒரு பீஸ் பளிச்சென்றும் அடுத்த பீஸ் மங்கலாகவும் தெரியும். அந்தத் துணிகளுக்கு முதலிலேயே கூடுதலாக வாங்க வேண்டும்.

பாபின்காரி:
நான் பாக்கெட்டுக்காகத்தான் இந்த உரையாடலுக்குள் வந்தேன். மல்லிகை, உங்கள் முன்பக்கத் தையல் பாக்கெட்டைப் பாப்ளினில் தைத்தது போலவே ரேயானில் தைத்தால், போனை உள்ளே போட்டவுடன் தையல் முழுக்க வாய் திறந்து தொங்கும். பாக்கெட் பை தையலின் ஓரத்தில் மட்டும் பிடித்திருக்கிறது, அந்த ஓரமோ சாய்ந்த ஓரம். எடையைத் தாங்க அங்கே எதுவும் இல்லை.

மூன்று மாற்றம் செய்யுங்கள். பாக்கெட் பையை ரேயானில் வெட்டாமல், நிறம் ஒத்த மெல்லிய காட்டனில் வெட்டுங்கள். பையின் மேல் பகுதியை நீட்டி இடுப்புப் பட்டி வரை கொண்டுபோய், பட்டியின் தையலுக்குள் சேர்த்துவிடுங்கள். அப்போது போனின் எடையைப் பட்டி சுமக்கும், தையல் சுமக்காது. பாக்கெட் வாய் வரும் ஓரத்தில், உள்பக்கம் அரை அங்குல அகலத்தில் நேர் நூலில் வெட்டிய மெல்லிய கேன்வாஸ் (விறைப்புக்காக உள்ளே ஒட்டும் துணி) பட்டை ஒன்றை ஒட்டுங்கள்.

ஜிப் வரும் இரண்டு ஓரத்துக்கும் இதே பட்டை வேண்டும், ஒரு அங்குல அகலத்தில், ஜிப் முடியும் இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே வரை. இது இல்லாமல் மறைவு ஜிப் வைத்தால், ஜிப் நேராக நிற்கும், துணி அதன் மேல் நெளியும். ஜிப்பும் மெல்லிய பல் உள்ளதாக வாங்குங்கள்.

பட்டிக்கு நீங்கள் பாப்ளினில் என்ன கேன்வாஸ் ஒட்டுகிறீர்களோ அதை ரேயானில் ஒட்டாதீர்கள். விறைப்பான கேன்வாஸ் ரேயானில் அட்டை மாதிரி நிற்கும், துவைத்தபின் குமிழ் விடும். மெல்லிய நெய்த கேன்வாஸ் எடுத்து, வெட்டிய மிச்சத் துணியில் ஒட்டி, துவைத்து, காய்ந்தபின் பாருங்கள். பிடித்தால் பட்டிக்குப் போடுங்கள். பட்டியை நேர் நூல் நீளவாக்கில் ஓடும்படி வெட்டுங்கள். குறுக்கு நூலில் வெட்டினால் உட்கார்ந்து எழும்போது நெகிழும்.

ஊசி 70 போதும், கூர்நுனி ஊசி. அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு, ஊசித் தண்டின் தடிமன் 0.70 மில்லிமீட்டர். பாப்ளினுக்குப் போடும் 80 ஊசி இதில் ஓட்டை தெரியும்படி குத்தும். பிரஸர் ஃபுட் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தையல் தொடங்கும்போது ஓரம் உள்ளே இழுபட்டால் அடியில் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர் வைத்துத் தையுங்கள், பிறகு கிழித்துவிடலாம்.

பட்டாம்பூச்சி22:
பாக்கெட் பையைப் பட்டியோடு சேர்ப்பது எனக்குப் புதிது. நான் ‘அப்படியே வெட்டுங்கள்’ என்று எழுதியது நேர்வெட்டு சுருக்குப் பாவாடையை மனதில் வைத்து. அதில் ஓரங்கள் எல்லாம் நேர் நூல், அதனால் இந்தத் தொல்லை இல்லை.

மல்லிகைநூல்:
பாபின்காரி, இந்த ஒரு பதிவுக்காகவே இந்த உரையாடலைத் தொடங்கியது நல்லது என்று நினைக்கிறேன். என் பாப்ளின் ஸ்கர்ட்டுகளிலும் இனி பாக்கெட்டை இப்படித்தான் தைக்கப் போகிறேன்.

துணியைத் துவைத்துக் கஞ்சி போட்டுவிட்டேன். துண்டு சோதனையும் செய்தேன். பாப்ளின் துண்டு விளிம்பிலிருந்து நீட்டிக்கொண்டு நின்ற தூரத்தில், ரேயான் துண்டு எப்போதோ செங்குத்தாக விழுந்துவிட்டது. கண்ணால் பார்த்தபின் சந்தேகமே இல்லை.

இதற்கிடையில் டெனிமைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். ரேயானுக்குச் சொன்னதையெல்லாம் தலைகீழாகச் செய்தால் போதுமா?

கருநீலம்:
டெனிமில் தைப்பதுதான் எனக்குப் பழக்கம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தலைகீழ் இல்லை. ரேயானில் துணி நீள்வதுதான் பிரச்சினை, டெனிமில் துணியின் தடிமன். ஒவ்வொரு தையலிலும் துணி மடங்கித் திரும்பும்போது தடிமனே கொஞ்சம் இடத்தைத் தின்னும். ஒரு தையலுக்கு 1/16 அங்குலம் என்றாலும் ஆறு தையலுக்கு 3/8 அங்குலம் போய்விடும். பாப்ளினில் அளவாக நின்ற இடுப்பு டெனிமில் பிடிக்கும். இரண்டு பக்கத் தையலிலும் ஒரு அங்குலம் விடுப்பு (தையல் கோட்டுக்கு வெளியே விடும் துணி) வைத்து வெட்டி, பிறகு பிரிக்கக்கூடிய ஓட்டுத்தையல் போட்டு, உட்கார்ந்து பார்த்தபின் அளவை முடிவு செய்யுங்கள்.

எந்த டெனிம் என்பதுதான் முதல் கேள்வி. கனத்தை அவுன்ஸில் சொல்வார்கள். ஒரு சதுர கெஜத்துக்கு ஒரு அவுன்ஸ் என்பது சதுர மீட்டருக்கு சுமார் 34 கிராம். 12 அவுன்ஸ் டெனிம் 400 கிராமைத் தாண்டும், உங்கள் பாப்ளினைப் போல மூன்று மடங்குக்கு மேல். அந்தக் கனத்தில் 84 அங்குலக் கீழ்ச்சுற்று காலை விட்டு விலகி நிற்கும், நடக்கும்போது முன்னால் தள்ளும். நான் 7 அல்லது 8 அவுன்ஸ் தேடுவேன். கனமான துணிதான் கையில் இருக்கிறது என்றால் கீழ்ச்சுற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பீஸிலும் இரண்டு ஓரத்திலிருந்தும் கீழே முக்கால் அங்குலம் எடுத்து, இடுப்புக்குக் கீழே நாலு அங்குலத்தில் ஒன்றுமில்லாமல் முடித்தால், மொத்தம் 9 அங்குலம் குறையும். மேலே பொருத்தம் அப்படியே இருக்கும்.

கலர் போகும் துணி என்பதால் தனியாகத் துவையுங்கள், ஒரு தடவையோடு நிறுத்தாதீர்கள். 90 அல்லது 100 ஊசி, தையல் நீளம் 3 மில்லிமீட்டர். ஆறு தையலும் பட்டியில் போய்ச் சேரும் இடங்களில் தடிமன் மலை போலக் குவியும். விடுப்புகளை அங்கே ஒன்று அகலமாகவும் ஒன்று குறுகலாகவும் படியாக வெட்டிவிடுங்கள், இஸ்திரியால் அழுத்துங்கள். பட்டியின் உள்பக்கத்தை டெனிமில் வைக்காமல் பாப்ளினில் வையுங்கள். பாக்கெட் பையும் பாப்ளின்தான். பட்டிக்குக் கேன்வாஸே வேண்டாம், துணியின் விறைப்பு போதும்.

இதில் ஒரு சந்தோஷம் உண்டு. ரேயானில் மறைத்துத் தைக்கும் அந்த ஆறு தையலும் டெனிமில் வெளியே தெரிய வேண்டியவை. தடிமனான நூலில், மூன்றரை மில்லிமீட்டர் நீளத்தில், தையலை ஒட்டி இரட்டைக் கோடு மேல்தையல் போட்டால் இந்தப் பாட்டர்ன் டெனிமுக்காகவே வரைந்தது போல இருக்கும்.

புதுத்தையல்:
பனியன் துணியில் இதே பாட்டர்ன் வருமா?

ஊசிமுனை:
வரும், ஆனால் எதற்கு என்று கேட்பேன். நெகிழும் துணியில் ஜிப் வேண்டாம், எலாஸ்டிக் பட்டி போதும். இடுப்பு வளைவைத் துணியே பார்த்துக்கொள்வதால் ஆறு தையலுக்கும் வேலை இல்லை. இரண்டு பீஸ் பாட்டர்ன் எடுங்கள், பந்துமுனை ஊசி போடுங்கள். நெசவுப்பிரியை சொன்ன ‘துணிக்கு ஏற்ற பாட்டர்ன்’ வாதம் இங்கே முழுக்கப் பொருந்தும்.

மல்லிகைநூல்:
ரேயான் வெட்டி முடித்தேன். கத்தரிமுனை சொன்னபடி மடிக்காமல் ஒற்றையாக விரித்து, ஒவ்வொரு பீஸாக. நேரம் பிடித்தது, ஆனால் கை நடுங்காமல் வெட்ட முடிந்தது.

காப்புத் தையல் போட்டதும் ஒரு காரியம் செய்தேன், மற்றவர்களுக்கும் உதவும். ஒவ்வொரு பீஸையும் காகிதத்தின் மேல் திரும்ப வைத்துப் பார்த்தேன். மேல் ஓரம் காகிதத்தோடு சரியாக இருந்தது. சாய்ந்த ஓரங்கள் கீழ்க்கோடியில் காகிதத்தைத் தாண்டி ஒரு மயிரிழை வெளியே வந்திருந்தன. பின்பக்க பீஸ் ஒன்றில் மட்டும் மேல் ஓரம் கொஞ்சம் அதிகம். காப்புத் தையலின் நூலை ஊசி முனையால் இரண்டு மூன்று இடங்களில் மெல்ல இழுத்ததும் காகித அளவுக்கு வந்து நின்றது. தைத்து முடித்தபின் இதைக் கண்டுபிடித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

நீளத் தையல்களுக்கு ஓவர்லாக் போடாமல் பிரெஞ்சுத் தையல் (விடுப்பின் ஓரம் உள்ளே மறையும்படி இரண்டு முறை தைப்பது) போடலாம் என்று இருக்கிறேன். பாக்கெட் வரும் இடத்தில் முடியுமா?

பாபின்காரி:
முடியும், ஆனால் பாக்கெட் வாயின் இரண்டு முனையிலும் விடுப்பைக் கொத்திவிட்டுத் திருப்ப வேண்டும், ரேயானில் அந்தக் கொத்து பிரிந்து வரும். பின்பக்கத் தையல்கள் இரண்டுக்கும் வலது பக்கத் தையலுக்கும் பிரெஞ்சுத் தையல், பாக்கெட்டும் ஜிப்பும் வரும் தையல்களுக்கு ஓவர்லாக். உள்ளே கலந்திருப்பதால் ஒன்றும் குறைவில்லை.

ஊசிமுனை:
தைத்து, பட்டியும் வைத்தபின், கீழ் ஓரத்தை உடனே மடிக்காதீர்கள். கிளிப் ஹேங்கரில் பட்டியைச் சுற்றிலும் பிடித்து மாட்டிவிடுங்கள். ஒரு இரவாவது தொங்கட்டும், இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது. இறங்க வேண்டியது இறங்கட்டும். அப்புறம் போட்டுக்கொண்டு நில்லுங்கள், வேறொருவர் தரையிலிருந்து அளவுகோலை நிறுத்தி, சுற்றிலும் ஒரே உயரத்தில் சாக்கால் குறிக்கட்டும். நீங்கள் திரும்பாதீர்கள், அளப்பவர் சுற்றி வரட்டும். அப்போதும் பட்டியிலிருந்து கீழே அளக்காதீர்கள். உடம்பு ஒரு பக்கம் உயரமாக இருக்கும், அளவு தரையிலிருந்துதான்.

பாப்ளினில் நீங்கள் இரண்டு அங்குல மடிப்பு போடுவீர்கள் என்று நினைக்கிறேன். ரேயானில் அவ்வளவு அகலம் வேண்டாம். கீழ் ஓரம் வளைவாக இருப்பதால் அகல மடிப்பில் உள்பக்கம் துணி மிஞ்சி நெளியும், அந்த எடை ஓரத்தை இன்னும் இழுக்கும். கால் அங்குலம் இரண்டு மடிப்பு, அவ்வளவுதான்.

கத்தரிமுனை:
உள்ளே லைனிங் போடுகிறீர்களா? காட்டன் உள்பாவாடையின் மேல் ரேயான் பிடித்துக்கொண்டு, நடக்கும்போது காலுக்கிடையே ஏறும். வழுவழுப்பான லைனிங் நல்லது. ஸ்கர்ட்டின் விரிவு முழுவதும் லைனிங்குக்குத் தேவையில்லை, தாராளமாக அடி வைக்க இடம் இருந்தால் போதும். ஒரு அங்குலம் குட்டையாக, பட்டியில் மட்டும் பிடித்து, கீழே தனியாக விட்டுவிடுங்கள். சேர்த்துத் தைத்தால் ரேயான் இறங்கும்போது லைனிங் இறங்காமல் பிடித்து இழுக்கும்.

மல்லிகைநூல்:
ஸ்கர்ட் முடிந்தது. எல்லாருக்கும் விவரமாகச் சொல்ல வேண்டும்.

தொங்கவிட்டபின் பக்கத் தையல்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரு அங்குலம் இறங்கியிருந்தன. முன்பக்கத் தையல்கள் அரை அங்குலம். பீஸ்களின் நடுவில் அசைவே இல்லை. ஊசிமுனை வரைந்து காட்டாத குறையாகச் சொன்ன அதே அலை. தரையிலிருந்து குறித்து வெட்டியதும் ஓரம் நேராகிவிட்டது.

இடுப்பு நாடா வேலை செய்கிறது. பட்டியும் ஸ்கர்ட்டும் ஒரே அளவில் சேர்ந்தன, எங்கேயும் சுருக்கம் பிடிக்க வேண்டி வரவில்லை. பாக்கெட்டில் போனைப் போட்டு நடந்து பார்த்தேன், தையல் வாய் திறக்கவில்லை. பட்டியில் மட்டும் லேசாக எடை தெரிகிறது.

இப்போது விழுகை. பாப்ளினில் கீழ்ச்சுற்று 84 அங்குலமும் தெரியும், மணி போல விரிந்து நிற்கும். ரேயானில் அதே 84 அங்குலம் மடிப்பு மடிப்பாக உள்ளே போய்விட்டது. நின்றால் குறுகலான ஸ்கர்ட் போலத் தெரிகிறது, நடந்தால்தான் விரிகிறது. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. இடுப்பில் அதே பழைய பொருத்தம், கீழே முற்றிலும் புதிய ஸ்கர்ட். பாட்டர்ன் காகிதத்தில் பச்சைப் பென்சிலால் ரேயானுக்கான குறிப்புகளைத் தனியாக எழுதிவிட்டேன்: நாடா, காட்டன் பை, குறுகிய மடிப்பு, மெல்லிய கேன்வாஸ், தொங்கவிடுவது. நீளத்தில் ஒன்றரை அங்குலம் கூடுதலாக விட வேண்டும் என்பதும் அதில் சேர்த்தேன், ஓரத்தை நேராக்கிய பிறகு விரும்பிய நீளம் கிடைக்க அது தேவைப்படுகிறது.

நெசவுப்பிரியை:
மல்லிகை, நடந்தால் விரிகிறது என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்கே ஒன்று தைக்க வேண்டும் போல இருக்கிறது. அரைவட்டத்தில் விரிவு இடுப்பிலிருந்தே தொடங்கும். உங்களுடையதில் நாலு அங்குலம் அடங்கி இருந்து பிறகு தொடங்குகிறது. மெல்லிய துணியில் அந்த வேறுபாடு இவ்வளவு அழகாக வரும் என்று நான் எண்ணவில்லை. ஆனால் கிரேப்பில் தைப்பேன், ரேயானில் அல்ல. கிரேப் நூலில் முறுக்கு அதிகம், கொஞ்சம் துள்ளல் இருக்கும், விழுகையும் கிடைக்கும்.

மல்லிகைநூல்:
கிரேப்பில் தைத்தால் கட்டாயம் இங்கே எழுதுங்கள்.

கருநீலம், எனக்கு 8 அவுன்ஸ் டெனிம் கிடைத்திருக்கிறது. துவைத்துக்கொண்டிருக்கிறேன். கீழ்ச்சுற்றைக் குறைக்காமல் 84-லேயே விடலாமா? கீழ் ஓரத்துக்கு இரண்டு அங்குல மடிப்பு போடலாமா?

கருநீலம்:
8 அவுன்ஸ் என்றால் சுமார் 270 கிராம். 84 அதில் நிற்கும், கொஞ்சம் வெளியே தள்ளினாலும் அழகாகத்தான் இருக்கும். முதலில் ஓட்டுத்தையலில் போட்டு நடந்து பாருங்கள், முன்னால் தள்ளினால் மட்டும் பக்கத் தையலில் குறையுங்கள்.

இரண்டு அங்குல மடிப்பு வேண்டாம். வளைந்த ஓரத்தை அவ்வளவு உயரம் மடக்கினால் மிஞ்சும் துணியை டெனிம் உள்வாங்காது, ஆறு தையல் மேட்டிலும் ஊசி திணறும். கீழ் ஓரத்தின் அதே வளைவில் இரண்டு அங்குல அகலத்துக்கு பாப்ளினில் பட்டை வெட்டி, கீழே சேர்த்து உள்ளே திருப்பி, மேல் விளிம்பை மேல்தையலால் பிடியுங்கள். உங்கள் பழைய பாப்ளின் ஸ்கர்ட்டுகளில் மிஞ்சிய துண்டுகளே இதற்குப் போதும். தையல்கள் சேரும் இடத்தில் விடுப்பை அந்த இரண்டு அங்குல உயரத்துக்கு மட்டும் பாதியாக நறுக்கிவிட்டுத் தைத்தால் மெஷின் தடையில்லாமல் ஓடும்.